எடை பார்ப்பவளின் சத்தியம்

லவோன் ஹெக்ஸ்ட்ரம் பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் மக்ரோனியும் சீஸும் அள்ளி வைத்து ஊரைப் பருக்க வைத்தாள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து அதே ஊரை இளைக்க வைத்தாள். மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. இரண்டுமே சேவைதானே.

அந்த எடைக்குறைப்புச் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக அவள்தான் எடை பார்ப்பவள். திரைக்குப் பின்னால் எடை இயந்திரம். பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து செருப்பு, பெல்ட், கம்மல் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். ஒருத்தி பல்செட்டையே கழற்றி வைப்பாள். கால் பவுண்டுக்கு அத்தனை மரியாதை. லவோன் எண்ணை அட்டையில் எழுதுவாளே தவிர வாய் திறக்க மாட்டாள். பைபிள்மேல் கைவைத்துச் செய்த சத்தியம் அது. குறைந்ததா கூடியதா என்று மட்டும் வெளியே சொல்லலாம். கூடியவள் வீட்டுக்கு ஒரு பீங்கான் பன்றி ஒரு வாரம் விருந்தாளியாகப் போகும். குறைந்தவளுக்குக் கைதட்டல்.

பல் மருத்துவரிடம் வேலை பார்க்கும் கெர்ரி ஆஸ்ட்பிக்கு வயது முப்பத்தாறு. சங்கத்தில் சேர்ந்தபோது நூற்றெழுபது பவுண்ட் இருந்தாள். முதல் வருடத்திலேயே இலக்கான நூற்றிருபத்தைந்தைத் தொட்டுவிட்டாள். அங்கேயே இன்னொரு வருடம் நின்றால் ராணிப் பட்டம்: வெல்வெட் அங்கி, கிரீடம், உள்ளூர்ப் பத்திரிகையில் படம். இலக்குக்கு ரொம்பக் கீழே போனால் மட்டும் டாக்டர் சீட்டு வேண்டும். கெர்ரி கீழே போகவில்லை. வாராவாரம் அச்சடித்தாற்போல நூற்றிருபத்தைந்து. மனித உடம்பு இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது என்று லவோனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

இலக்கைத் தொட்டதிலிருந்து, எல்லாரும் கழற்றும் இடத்தில் கெர்ரி மட்டும் கணவனின் பெரிய கோட்டோடும் பூட்ஸோடும் ஏறுவாள். "குளிருது லவோன்" என்பாள். அந்த ஊரில் குளிருக்கு விளக்கம் கேட்பது அநாகரிகம்.

பட்டம் சூட்டும் மாலை வந்தது. அங்கியைப் போட்டுப் பார்க்க லவோன் அவளைத் திரைக்குப் பின்னால் அழைத்து வந்தாள்.

"கோட்டைக் கழட்டு கண்ணு. எந்த ஊர் ராணி கோட்டுக்கு மேல வெல்வெட் போட்டுக்கிறா?"

"பரவால்ல, மேலயே போட்டுக்கறேன்."

"அட, குடுன்னா."

கோட்டை வாங்கிய கை கனம் தாங்காமல் கீழே போனது. விளிம்பு நெடுகத் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை வைத்துத் தைத்திருந்தாள். கணவன் மீன் பிடிக்கிறவனாக இருந்தால் வீட்டில் ஈயத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டு இல்லாத கெர்ரியை ஒரு வருடத்துக்குப் பிறகு லவோன் அன்றுதான் பார்த்தாள். கழுத்தெலும்புக் குழியில் தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போலிருந்தது.

"பூட்ஸையும் கழட்டு. ஏறு."

தொண்ணூற்றேழு.

"கடைசியா எப்ப சாப்பிட்ட?"

"நேத்து அரை ஆப்பிள்" என்றாள், மீதி அரையை ஜெயித்த பெருமையோடு. "தொடை இன்னும் பெருசாத்தான் இருக்கு."

"எந்திரிச்சு நிக்கிறதே பெரிசு. வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பட்டத்தை வாங்கிட்டு வரேனே. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க லவோன். சத்தியம் பண்ணியிருக்கீங்க."

லவோனுக்கு அழுகை வந்தது. இரண்டு வருடமாக இந்தப் பெண் கரைந்துபோக, முதல் கைதட்டல் தன்னுடையதுதான் என்று நினைத்து வெட்கப்பட்டாள். இப்படியே விட்டால் அடுத்த கூட்டத்தை மேல்தளத்தில், பாதிரியார்தான் நடத்த வேண்டியிருக்கும். தன் பேச்சை இவள் கேட்கமாட்டாள். வெளியே நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் பிள்ளை பெற்றவர்கள். அத்தனை பேரும் சேர்ந்து அதட்டினால் கேட்காமலா போவாள்?

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு எண்ணை வாய்விட்டுச் சொன்னாள்.

"கெர்ரியோட எடை நூத்தி இருபத்தஞ்சு இல்ல. தொண்ணூத்தேழு."

கூடம் மூச்சடங்கியது. அப்பாடா, புரிந்துவிட்டது என்று லவோன் நினைத்தாள். அதற்குள் முன்வரிசையில் ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். லவோனுக்குப் பின்னால் வந்து நின்ற கெர்ரியின் முகத்திலிருந்த பயம் மெல்ல வடிந்து, அங்கே வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்தது.

"அடிப் பாவி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள் சங்கத் தலைவி பெவ். "அப்படி என்னதான் சாப்பிடற?"

"அவ ஒண்ணுமே சாப்பிடறதில்ல" என்று லவோன் கத்தினாள்.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி பேனாவைத் தேடி எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள்.