அக்காவின் செக்கிங் மேஜை

என் அக்காவுக்குப் பால் பாக்கெட்டின் மீதுகூட நம்பிக்கை கிடையாது. கடையிலேயே தேதியைப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், இன்னொரு பாக்கெட்டோடு ஒப்பிட்டுத்தான் வாங்குவாள். சர்க்கரை வியாதி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே காலையில் இரண்டு லேப்களில் ரத்தம் கொடுப்பாள். இரண்டு எண்ணும் வேறுபட்டால் இரண்டு பேரும் திருடர்கள். ஒத்துப்போனால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டவர்கள்.

இந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ஆடை கம்பெனியில் கடைசி செக்கிங் மேஜை அவளுடையது. தைத்து வரும் குழந்தைச் சட்டையைக் கண்ணால் பார்க்க மாட்டாள். உள்பக்கம் விரலை ஓட்டுவாள். ஒடிந்த ஊசி நுனி, முறுக்கிய நூல், குத்தும் லேபிள் எதுவும் தப்பாது. நான் அதே கம்பெனியில் பேக்கிங். அக்காவுக்கு அடுத்து அந்த மேஜை எனக்குத்தான் என்று சூப்பர்வைசர் ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். அன்று அக்கா என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

சில மாதமாக அவள் சட்டையைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். கேட்டால், "குழந்தைத் தோலுக்குக் கன்னம்தான் சரியான அளவு" என்பாள். புதிதாகச் சேர்ந்த பெண்களும் அதைப் பார்த்துக் கன்னத்தில் தேய்த்தார்கள். நானும் தேய்த்தேன்.

அப்போதுதான் கம்பெனிப் படியில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். யாரோ வேண்டுமென்றே மெஷின் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள் என்றாள். படி காய்ந்துதான் கிடந்தது. அவளுடைய செருப்பு ஒன்று நாலு படி மேலே கிடந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியுடையது. அதனால் காகிதமெல்லாம் கம்பெனி ஆபீசுக்குப் போகும். எலும்பில் பிளேட் வைக்க வேண்டும். முழு மயக்கம் வேண்டாம், அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்துவிடலாம் என்றார் மயக்க மருந்து டாக்டரம்மா. சின்ன உருவம், பெரிய கண்ணாடி. அக்காவின் கண்ணை மூடச் சொல்லி, விரல் நுனிகளைப் பஞ்சாலும் குச்சி முனையாலும் மாற்றி மாற்றித் தொட்டார்.

"இது குத்துதா, மெத்துன்னு இருக்கா?"

"குத்துது. இப்ப பஞ்சு."

அத்தனையும் சரி. அக்காவின் இமை ஒரு நூலளவு திறந்திருந்ததை நான் பார்த்தேன். அவள் யார் முன்னாலும் கண்ணை முழுசாக மூட மாட்டாள் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காலை ஒன்பது மணிக்கு ஊசி போட்டு, பிளேட் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் உணர்ச்சி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கும் கை மரக்கட்டையாகவே கிடந்தது. "நரம்பைக் குத்திட்டா. அந்த கண்ணாடியைப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றாள் அக்கா. எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த வீட்டில் சந்தேகம் அவளுக்கு, சண்டை எனக்கு. ஒரு தாளில் புகார் எழுதி, டாக்டரம்மா வந்ததும் நீட்டினேன்.

அவர் நின்றபடியே முழுசாகப் படித்தார்.

"நரம்பு கெட்டிருந்தா நானே இதுல கையெழுத்து போடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். ஊசி போடறதுக்கு முன்னாடி நரம்புக்கு லேசா கரண்ட் குடுப்போம், விரல் துடிக்கும். உங்க அக்காவுக்கு வழக்கத்தைவிட அதிகமா குடுத்தாத்தான் துடிச்சது. சந்தேகப்பட்டு மருந்தைக் குறைச்சேன். முன்னாடியே மரப்பு இருந்துச்சான்னு திரும்பவும் கேட்டேன், இல்லைன்னாங்க."

"எங்கக்கா பொய் சொல்லுதுங்கறீங்களா?"

அவர் அக்காவின் பக்கம் குனிந்தார். வலது கைப் பெருவிரல் லேசாக அசைந்தது. "மருந்தோட வேகம் இறங்க ஆரம்பிச்சிருக்கு" என்றார். பிறகு தலையணை உறையைக் கழற்றி அக்காவின் கண்ணை மூடிக் கட்டினார். அவர் பிடித்தது ஊசியே போடாத இடது கையை.

குச்சி முனை ஆள்காட்டி விரலில் பதிந்தது.

"குத்துதா?"

அடுத்து நடுவிரலில் குத்தினார். குத்திய இடம் வெளுத்துச் சிவந்ததை நான் பார்த்தேன்.

"இப்ப?"

"ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கண் கட்டை அவிழ்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "சர்க்கரையில நொந்த நரம்புல இந்த மருந்து ரொம்ப நேரம் நிக்கும்மா. சில பேருக்குக் கெடுதலும் பண்ணும். தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட எடுத்துச் சொல்லி, வேற வழியும் யோசிச்சிருப்பேன். எவ்வளவு நாளா இப்படி?"

"எட்டு மாசம். காலு அதுக்கும் முன்னாடி." அன்று படியில் செருப்பு கழன்றதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

"நான் இதை எழுதியாகணும்" என்றார் டாக்டரம்மா.

"எழுதுங்க. கம்பெனிக்குப் போற காகிதத்துலயும் எழுதுங்க. ஒரு குழந்தைச் சட்டையில ஊசி போயிடக் கூடாது." எழுதியதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். பிறகு இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

மதியத்துக்குள் மணிக்கட்டு வரை உணர்வு திரும்பிவிட்டது, வலியும் சேர்ந்தே வந்தது. டாக்டரம்மா போன பிறகு என் புகாரை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தேன். அக்காவின் மேல் கோபம் அப்போதுதான் வந்தது.

"எட்டு மாசம். என்கிட்டகூட ஏன்க்கா சொல்லலை?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். "அந்த மேஜைக்கு அடுத்தது நீதானே."

அப்படியெல்லாம் நான் நினைத்ததே இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இத்தனை மாதமாக, பேக்கிங்குக்குத் தேவையே இல்லாமல், நானும் கன்னத்தில் தேய்த்துப் பழகியது ஞாபகம் வந்தது. நழுவிய போர்வையை அவள் காலில் இழுத்துவிட்டேன். இழுத்தது அவளுக்குத் தெரியவில்லை.