ஐஸ் பையை வெந்நீரில் இட்ட அக்கா

எங்கள் அக்காவை வழியனுப்பி ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்த உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பழவேற்காட்டில், ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எங்கள் குப்பத்தில். எங்கள் அப்பா நைனாவுக்கு மூத்த மகள். வாழ்க்கைப்பட்டதும் அதே குப்பத்தில்தான். மணமான மறு ஆண்டு ஐப்பசியில், பலத்த காற்று வீசிய ஒரு நாள் கடலுக்குப் போன மாமா திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. அன்று காலை வீட்டில் சச்சரவு நடந்ததாகவும், அக்கா விரட்டியதால்தான் அந்தக் காற்றில் மாமா கடலில் இறங்கியதாகவும் யாரோ சொன்னதை மாமா வீட்டார் நம்பிவிட்டார்கள். மாமாவின் தம்பி, அக்காவின் கொழுந்தனார், அதன்பின் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவும் யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. ஆரம்பாக்கத்தில் எங்களோடு வந்து இருக்கும்படி பலமுறை கூப்பிட்டேன். வரவில்லை.

பழவேற்காட்டு இறால் கொட்டகையில் அக்காவுக்கு உரிக்கும் வேலை கிடைத்தது. எண்பதுகளில் அங்கிருந்து பட்டணத்துக்குச் சோதனைக்கான மாதிரி இறால் போகும் பெட்டிகளில், ஐஸ்கட்டிக்குப் பதிலாகக் கூழ் போன்ற ஜெல் அடைத்த பிளாஸ்டிக் பைகளை வைத்தார்கள். பழசானதும் கழித்துப் போடுவார்கள். அக்கா மேலாளரைக் கேட்டு அவற்றை எடுத்துவந்தார். சோப்பு போட்டுக் கழுவி, பழைய புடவைத் துணியில் உறை தைத்தார். ஒழுகுகிற பையை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்.

காலையில் கொட்டகை ஐஸ் குவியலில் உப்புத் தூவிப் புதைத்த பை, மாலையில் கல்லாகியிருக்கும். உமி நிரப்பிய பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிக்கு, பிசகிய காலுக்கு, பால் கெடாமலிருக்க என்று ஆட்கள் வந்து கேட்பார்கள். உறையில்லாமல் தோல்மேல் வைக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுப்பார். வாங்கிய கையோடு எல்லாரும் போய்விடுவார்கள். உட்கார்ந்து பேசுபவர் இல்லை.

“பைக்காகவாச்சும் கதவத் தட்றாங்களேடி” என்பார்.

மார்கழியில் அதே பையை வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, அருகில் வைத்துக்கொண்டு படுப்பார். குளிருக்கா என்று கேட்டேன். “பக்கத்துல எதுனா சூடா இருந்தாத்தான் தூக்கம் வருது” என்றார்.

கொட்டகை விடுமுறையான ஒரு பகலில், ஏரியில் வலை இழுத்த கொழுந்தனாரின் காலில் திருக்கை முள் ஏறியது. துடித்தவரைக் கூட இருந்தவர்கள் அக்காவின் வாசலுக்குத் தூக்கிவந்து ஐஸ் பை கேட்டார்கள். திருக்கை விஷத்துக்குச் சூடுதான் இதம் என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லி அக்கா அறிந்திருந்தார். காயத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டு நீரில் காலை வைக்கச் செய்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோணி வந்ததும், சூடேற்றிய பைகளை உமிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு தாமும் ஏறினார். ஒவ்வொன்றையும் தம் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே அவர் காலில் சுற்றினார். வலி மெல்லத் தணிந்தது.

நடு ஏரியில் நடந்ததைக் கொழுந்தனாரே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

“அன்னிக்கு அண்ணன இன்னா சொல்லி அனுப்ச்ச?” என்று கேட்டிருக்கிறார்.

“போவாதன்னுதான் சொன்னேன். கேக்கல.”

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாராம். அக்கா ஆறிப்போன பையை எடுத்துவிட்டு அடுத்ததைச் சுற்றினாராம்.

காயம் ஆறியபின் கொழுந்தனார் தம் பிள்ளைகளோடு அவ்வப்போது அக்கா வீட்டுக்கு வந்தார். அதனால் அக்காவின் தனிமை தீர்ந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எழுந்து போனபின் வாசலிலேயே நெடுநேரம் நிற்பார்.

சென்ற ஆண்டு நெஞ்சில் சளி கட்டி அக்காவைப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த கொட்டகைப் பெண்களுக்கும், கூலி வாங்காமல் தோணி விட்டவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கொழுந்தனார் அந்த நாட்களில் கடலுக்கே போகவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். தொழிலுக்குப் போகவில்லையா என்று அக்கா கேட்டார்.

“நீ தூங்கு அண்ணி. நா இங்கதான் கீறேன்.”

அக்கா கண்ணை மூடினார். உடனே தூங்கிப்போனார். அக்கா போனபின், மகன் செய்ய வேண்டிய காரியங்களையெல்லாம் அவரே செய்தார். அவருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். இருந்தாலும் சொல்கிறேன்.