அலமாரிக்குள் நல்ல காற்று

குவாக் மால்சுன் பதிமூன்று வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தண்ணீரையும் காற்றையும் கவனித்துப் பிழைக்கிறவள். வாடகைக்கு விட்ட சுத்திகரிப்பு இயந்திரங்களை நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பழைய வடிகட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள். அதற்கு முன் பள்ளிக்கூடச் சமையலறையில் எண்ணூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கினாள். அதற்கும் முன் எட்டு வருஷம், படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரைப் புரட்டிப் போட்டுத் துடைத்தாள். ஆகவே யார் முகம் சுளித்தாலும் அவளுக்கு உறைக்காது.

ஜேசொன் ஊரில் தை மாதக் குளிர் மூக்கு நுனியைக் கிள்ளும். அப்படி ஒரு காலையில் பியோ கிழவர் வீட்டுக்குப் போனாள். எண்பத்துநாலு வயது, நுரையீரல் கோளாறு, தனிக்கட்டை. வாசலிலேயே ஒரு பை கட்டி வைத்திருந்தது.

“எங்க ஐயா பயணம்?”

“மதியம் பையன் வரான். முதியோர் ஆஸ்பத்திரில கொண்டுபோய்த் தள்ளப்போறான்.” சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இருமினார். “காத்து சுத்தமா இருந்தும் இருமல் நிக்கலியாம். அப்போ உள்ள இருக்கிறது மோசமாயிருச்சுன்னு முடிவு கட்டிட்டான்.”

மகன் தோங்சிக் இருப்பது தூரத்து உல்சான் நகரில். காற்று இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். காற்று கெட்டு அதன் விளக்கு சிவப்பானால் அவன் கைபேசியும் அலறும். இரண்டு மாதமாக நீலம், நீலம், நீலம்.

மால்சுன் முதலில் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் இயந்திரம் தூசி படிந்து கிடந்தது.

“இதுல குடிக்கிறதே இல்லையா?”

“அதுக்கு ருசியே இல்லம்மா. குழாய்த் தண்ணில பார்லி போட்டுக் கொதிக்க வெச்சுக்கிறேன்.”

“கொதிக்க வெச்சுக் குடிங்க, தப்பில்ல. ஆனா தேங்கின தண்ணிய தினம் ஒரு சொம்பு திறந்து விடுங்க.” திறந்துவிட்டு, வடிகட்டியை மாற்றினாள். “காத்துப் பெட்டி எங்க?”

அவளைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போன கிழவர் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. குளிருக்காகக் குமிழி பிளாஸ்டிக் ஒட்டி, விளிம்பெல்லாம் ஒட்டுநாடா அடித்திருந்தது. படுக்கைக்கு நேர் மேலே ஒரு கழியில், வைக்கோல் கயிற்றில், பதினான்கு மெஜு கட்டிகள் தொங்கின. சோயாவை வேகவைத்து இடித்துச் செங்கல் மாதிரி பிடித்தவை. வெள்ளையும் பச்சையுமாய்ப் பூஞ்சணம் பூத்து, விழுது போடப் பதமாகிக் கொண்டிருந்தன.

எங்கோ ‘ர்ர்ர்’ என்று சத்தம். போர்வை அலமாரியைத் திறந்தாள். மடித்த மெத்தைகளுக்கு நடுவே இயந்திரம் நீல விளக்கோடு சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் வயர் கதவிடுக்கு வழியாகப் பாம்பு போல வெளியே வந்திருந்தது.

“ஐயா, ஜேசொன்லயே நல்ல காத்து உங்க மெத்தைக்குத்தான் கிடைக்குது!”

“வெளிய வெச்சா சிவப்பாகுதும்மா. கானாங்கெளுத்தி மீன் வறுத்தா சிவப்பு, மெஜு கட்டினா சிவப்பு. உடனே போன் பண்ணித் திட்டுவான். உள்ள வெச்சேன், அவன் சத்தமே இல்ல.”

“பையன்கிட்ட சொல்லுங்க.”

“பொய்க்காரன்னு பேர் வாங்கவா?”

“ஆஸ்பத்திரில பேரே இருக்காது. கட்டில் நம்பர்தான்.”

கிழவர் இருமிக்கொண்டே வாசலில் கட்டி வைத்த பையை எட்டிப் பார்த்தார்.

அவள் இயந்திரத்தைத் தூக்கிப் படுக்கையருகே வைத்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சிவப்பு. கிழவரின் கைபேசி அடித்தது. அதை அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

“அப்பா! என்ன பண்றீங்க? வழியில இறங்கி இப்பத்தான் நூடுல்ஸ் வாயில வெச்சேன்!”

“பெட்டி ரெண்டு மாசமா அலமாரிக்குள்ள இருந்துச்சுடா.”

அந்தப் பக்கம் நூடுல்ஸ் கிண்ணத்தை டொக்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

“அப்போ எனக்கு வந்த நீலமெல்லாம்?”

“மெத்தையோடது.”

மால்சுன் கைபேசியை வாங்கினாள். “தம்பி, நான் வடிகட்டி மாத்த வந்தவ. உங்கப்பா பூஞ்சணத்துக்கு அடியில படுத்துக்கிட்டு, ஜன்னலையும் ஒட்டி வெச்சிருக்காரு. இதுல எனக்கே இருமல் வரும். நுரையீரல நான் பாக்க முடியாது, அது டாக்டர் பாடு. ஆனா காத்த மாத்தாம ஆள மாத்தாதீங்க.”

முகக்கவசம் போட்டுக்கொண்டாள், கிழவருக்கும் ஒன்றை மாட்டி வெளியறையில் உட்கார வைத்தாள். நாடாவைக் கிழித்து ஜன்னலைத் திறந்தாள். மெஜுவை ஒவ்வொன்றாக இறக்கி, புழங்காத பின்னறைக்குக் கொண்டுபோனாள்.

“பாத்து! அது என் வருஷத்துச் சாப்பாடு!”

“பத்திரமாத்தான் இருக்கு. ஆனா இனிமே அது ஒரு ரூம், நீங்க ஒரு ரூம். காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் ஜன்னல் திறக்கணும். மீன் வறுக்கும்போதும் திறக்கணும்.”

“செத்துருவேன் குளிர்ல!”

“தொப்பி போடுங்க.”

தோங்சிக் வந்தபோது சிவப்பு மங்கி மஞ்சளாகியிருந்தது. தொப்பி, கம்பளிக் கோட்டு, இரண்டு ஜோடிக் காலுறையோடு உட்கார்ந்திருந்த அப்பாவை மேலும் கீழும் பார்த்தான். திட்டுவதற்கு வார்த்தைகளை உல்சானிலிருந்தே சேர்த்துக்கொண்டு வந்தவன், கடைசியில், “ஒரு மாசம். அதுக்குள்ள இருமல் குறையலைன்னா கிளம்பணும்” என்றான்.

“மீன்?”

“வெள்ளிக்கிழமை மட்டும்.”

“செவ்வாயும் சேத்துக்க.”

அப்பனும் மகனும் மீனுக்குப் பேரம் பேச, மால்சுன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது.

இருமல் முழுசாக நிற்கவில்லை. ஆனால் பாதியானது. மாதக் கடைசியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டிலேயே இருக்கலாம் என்றார். அடுத்த முறை மால்சுன் போனபோது, அவள் கையெழுத்து வாங்கும் அட்டையில், குறைகள் எழுதும் கட்டத்தில் கிழவர் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்: “இயந்திரம் நன்றாக இருக்கிறது. வரும் அம்மா அதட்டுகிறார்.”

மால்சுன் அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.