இரண்டாம் பதிப்பில் ஓர் ஆயா

செல்வமேரிக்கு அறுபத்தெட்டு வயது. திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் முப்பத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்தவர். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது, துடைத்துவிடுவது, பெட்பேன் வைத்து எடுப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அவர் வேலை. டிஸ்சார்ஜ் ஆகிறவர்கள் தலையணைக்கடியில் விட்டுப்போகும் வார இதழ்களும் நாவல்களும் அவருக்கு வந்து சேரும். பத்தாவது வரை படித்தவர். ஒன்று விடாமல் வாசித்தார். வாசித்ததைப் பேசத்தான் ஆளில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த கணவர் அடைக்கலம், "கதை படிச்சு யாருக்கு என்ன கெடச்சுது?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். அவர் இறந்தும் எட்டு வருடமாகிவிட்டது.

மருமகள் லின்சிதான் வாட்ஸ்அப்பில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இணையவழி வாசகர் வட்டம். சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு.

"சேத்து விடட்டுமா அத்தை? உங்களுக்கும் ரெண்டு மணி நேரம் போகும்."

படிவத்தில் 'முன்பு பார்த்த பணி' என்று ஓரிடம் இருந்தது. லின்சி ஒரு நொடி யோசித்துவிட்டு 'மருத்துவத் துறை' என்று அடித்தாள். செல்வமேரி அதைப் பார்த்தார்.

வட்டத்தை நடத்தியவர் அழகிரி. வங்கி மேலாளராக ஓய்வு பெற்று, ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு ஃபிளாட்டில் இருந்தார். மற்ற இருபது பேரும் பேராசிரியர், பொறியாளர், தாசில்தார் என்று ஓய்வு பெற்றவர்கள். செல்வமேரியை எல்லோரும் 'மேடம்' என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. நான்கு மணிக் கூட்டத்துக்கு மூன்றரைக்கே முகம் கழுவி, புடவை மாற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். அவர் சொல்வதை மற்றவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஒருமுறை அழகிரியே, "மேடம் படிக்கிற மாதிரி நம்மள்ல யாரும் படிக்கல" என்றார். அந்த வாரம் முழுக்க செல்வமேரி அந்த ஒரு வரியோடு நடமாடினார்.

பாலக்கரையிலிருந்து பஸீலா என்ற ஓய்வு பெற்ற தமிழாசிரியை சேர்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் இருவரும் போனில் அரை மணி நேரம் பேசுவார்கள். "மேரிக்கா, நான் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். கதை படிக்கறதை இப்பதான் படிக்கறேன்" என்பார் பஸீலா.

ஆறாவது மாதம் அழகிரி தாமே எழுதி அச்சிட்ட நாவலை எடுத்துக்கொண்டார்கள். நோயில் விழுந்த மனைவியைக் கணவன் ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் காப்பதுதான் கதை. அழகிரியின் மனைவியும் அப்படித்தான் இறந்திருந்தார். ஒவ்வொருவராகப் புகழ்ந்தார்கள். கடைசியில் அழகிரி, "மேடம், உங்க கருத்துக்குத்தான் காத்திருக்கேன்" என்றார்.

உண்மையாகவே கேட்கிறார் என்று செல்வமேரி நம்பினார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். நாப்பது நாள் அந்தம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்களைப் புரட்டிப் போட்டது யாரு?"

செல்வமேரியே தொடர்ந்தார்.

"ரெண்டு மணிக்கொரு தடவை புரட்டலேன்னா முதுகு புண்ணாயிடும். பவுடர் போட்டுத் தேய்ப்போம். துடைக்கிறப்ப கூச்சத்துல சிலபேரு கண்ணை இறுக்கி மூடிக்குவாங்க. அப்ப ஏதாவது பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கணும், புள்ளைங்க பேரைக் கேக்கணும். உங்க கதையில அவரு கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இதையெல்லாம் செஞ்சவ ஒருத்திகூட இல்லையே?"

"மேடம் டாக்டரா, நர்ஸா?" என்று ஒரு பேராசிரியர் குறுக்கே கேட்டார்.

"நான் ஆயாவா இருந்தேங்க."

அழகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இலக்கியம்மா. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இல்ல" என்றார். மேடம், அம்மாவாகியிருந்தது. அன்று கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை செல்வமேரி வழக்கமான லிங்கைத் தொட்டார். 'நடத்துபவர் உங்களை அனுமதிக்கும்வரை காத்திருக்கவும்' என்று வந்தது. காத்திருந்தார். நெட் கோளாறு என்று நினைத்து, வெளியேறி மறுபடி வந்தார். ஆறு மணிவரை அதே வரிதான். அதற்கடுத்த சனிக்கிழமையும் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்; அதே வரி. பஸீலாவுக்குப் போன் போட்டார். மூன்றாவது தடவைதான் எடுத்தார்.

"வேற குரூப் ஆரம்பிச்சுட்டாங்கக்கா. உங்களைச் சேக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலக்கா. இதையும் விட்டா எனக்கு வீட்டுல பேச ஆளு இல்ல."

அந்தப் பதிலுக்குக் கோபப்படக்கூடச் செல்வமேரியால் முடியவில்லை. அது அவருடைய நிலைமையும்தான்.

எட்டு மாதம் கழித்து பஸீலா பொன்மலையில் செல்வமேரியின் வீட்டுக்கு நேரிலேயே வந்தார். கையில் அழகிரியின் நாவல், இரண்டாம் பதிப்பு. "நீங்க படிச்சுடுங்கக்கா. வேற யாராவது சொல்லித் தெரியக் கூடாது" என்று கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போனார்.

புதிதாக ஓர் அத்தியாயம் சேர்ந்திருந்தது. அதில் ஓர் ஆயா வந்தாள். இரண்டு மணிக்கொரு முறை நோயாளியைப் புரட்டினாள். முதுகில் பவுடர் போட்டுத் தேய்த்தாள். துடைக்கும்போது பிள்ளைகளின் பெயரைக் கேட்டாள். செல்வமேரி சொன்னது சொன்னபடி இருந்தது. அத்தியாயத்தின் முடிவில், கணவன் மருந்து வாங்கப் போன நேரத்தில், நினைவில்லாமல் கிடந்தவளின் வைரத்தோட்டை அந்த ஆயா கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் பெயர் மேரி. அந்த அத்தியாயத்துக்காக முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தது, அன்று கூட்டத்தில் குறுக்கே கேட்ட பேராசிரியருக்கு.

மறுநாள் காலை செல்வமேரி பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, புத்தகத்தில் இருந்த முகவரியைத் தேடி ஸ்ரீரங்கம் போனார். கதவைத் திறந்த அழகிரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும், "வாங்க வாங்க" என்றார்.

"நான் உங்க வீட்டுல எதையாவது எடுத்தேனாங்க?" நின்றபடியே கேட்டார்.

"அது நீங்க இல்லம்மா. கற்பனைப் பாத்திரம். மேரின்னு ஊருல ஆயிரம் பேரு இருக்காங்க."

"ஆயிரம் பேரும் ஆயாவா இருக்காங்களா?"

"கதைக்கு ஒரு முரண் வேணும்மா. வெறும் நல்லவளா வந்தா சப்புன்னு இருக்கும். வாசகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் ரொம்பப் பாராட்டறாங்க." சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது. "சந்தோஷப்படுங்க. நீங்க கேட்டதாலதானே ஆயாவே வந்தா?"

ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரின் தோடு, தாலி, மோதிரத்தைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து உறவுக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியவர் செல்வமேரி. அதைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அதுவும் மூன்றாம் பதிப்பில் வேறு மாதிரி வரும் என்று தோன்றியது. படியிறங்கிவிட்டார்.

வீட்டு மேசையில் கிடந்த புத்தகத்தை மகன் பிரிட்டோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்துப் புரட்டினான். அவன் எந்தப் புத்தகத்தையும் தொடுகிறவனில்லை. அம்மாவுக்குத் தெரிந்தவர் எழுதியது என்று லின்சி சொல்லியிருந்தாள். அந்த அத்தியாயம் வந்ததும் சத்தமாகச் சிரித்தான்.

"ஏம்மா, இது அப்படியே நீ பேசுற மாதிரியே இருக்கே! தோடு எங்கம்மா? எங்களுக்குத் தெரியாம எங்க வெச்சிருக்கே?"

விளையாட்டாகத்தான் கேட்டான். லின்சியும் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகு, ஒரு கணம், இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

செல்வமேரி எழுந்து போய்ப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்.