தடி என்றால் தடிதானே

வேலுத்தாய் ஏலத்தோட்டத்தில் நாற்பது வருஷம் காய் எடுத்தவள். இனி உழைக்க முடியாது என்று அறுபது வயதில் நிறுத்திவிட்டார்கள். சும்மா கிடக்கத் தெரியாதவள். உடும்பஞ்சோலைப் பக்கம் எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே இருந்த சோலைக்குக் காவல் போனாள். கூலி கிடையாது, போகச் சொன்னவரும் கிடையாது. சோலைக்கு அடியில்தான் எங்கள் ஊற்று. முப்பது வீட்டுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

அவளைப் போலவே வேலை முடிந்த கிழடுகள் சங்கையாவும் சூசையப்பனும் கூடச் சேர்ந்தார்கள். உதிர்ந்த சுள்ளி பொறுக்கலாம், பச்சையில் கை வைக்கக் கூடாது. ஒருநாள் நான் ஒரு பச்சைக் கிளையை ஒடித்துவிட்டேன். "ஒன் வீட்டு ஒல கொதிக்க ஊரு நாக்கு வறளணுமா?" என்று பிடுங்கிப் போட்டாள். எரிச்சல்தான். ஆனால் அவள் கேட்டது சரி.

எழுபத்துமூன்றாம் வருஷம் மர காண்ட்ராக்டர் கோடாலி ஆட்களோடு வந்தான். மூவரும் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. தோட்ட முதலாளி, லயத்து ஆட்கள் எழுதிக் கொடுத்தால் வெட்டிக்கொள் என்று நழுவிவிட்டார்.

மறு வாரம் காண்ட்ராக்டர் தனியாக வந்தான். கையில் மலையாளத்தில் எழுதிய ஒரு தாள்.

"கொறச்சு தடி எடுக்கணும் அம்மச்சி. அத்ரேயுள்ளூ." அவ்வளவுதானாம்.

"தடிதானய்யா? எடுத்துட்டுப் போ," என்றாள் வேலுத்தாய்.

"எனக்கும் ஒண்ணு குடுய்யா, காலு தள்ளாடுது," என்றார் சங்கையா.

"காலுக்கு ஒண்ணு பத்தும்ணே. ஒங்க வாய்க்குத்தான் ரெண்டு வேணும்," என்றார் சூசையப்பன்.

சிரித்துக்கொண்டே மூவரும் தாளில் பெருவிரல் ரேகை வைத்தார்கள். நான் கஞ்சி வடித்துக்கொண்டே கேட்டிருந்தேன். எனக்கும் தடி என்றால் ஊன்றுகிற தடிதான்.

திங்கட்கிழமை முதல் மரம் விழுந்தது. வேலுத்தாய் ஓடினாள். "கம்பு எடுக்கத்தான ரேகை வச்சோம்?"

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை காண்ட்ராக்டரிடம் தாளை வாங்கிப் படித்தார். "மலையாளத்துல தடின்னா வெட்டுமரம் ஆத்தா. முழுச் சோலையும் எழுதிக் குடுத்திருக்கீங்க."

கோடாலிக்காரன் மரியாதையாகத்தான் ஒதுங்கச் சொன்னான்: "அம்மச்சி, மாறி நில்லு."

ஒன்பது நாளில் சோலை மொட்டை. அடுத்த பங்குனியில் ஊற்று சேறாகி, பிறகு அதுவும் காய்ந்தது. பெண்கள் ஒரு மைல் இறங்கி ஆற்றில் மொண்டு வந்தோம். சங்கையாவையும் சூசையப்பனையும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் வாசலில் மட்டும் குடத்தை இறக்கி வைத்து நின்று ஏசினார்கள்.

"மரத்துக்கும் தடிக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கு என்னத்துக்குக் காவல்?" என்றாள் பக்கத்து வீட்டு இன்பமேரி. அவளுக்கும் மலையாளம் ஓர் எழுத்து தெரியாது. நானும் அதையேதான் சொன்னேன், மறைப்பானேன். வேலுத்தாய் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

எழுபத்தாறு சித்திரையில் செத்தாள். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும். இறங்கி ஏற யாருக்கும் மனசில்லை. தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்று இரண்டு குடத்தோடு முடித்துவிட்டோம்.