கைநாட்டும் கையெழுத்தும்

அம்மா இறந்து நாற்பது நாள் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில், மூத்த அரசு வழக்கறிஞர் ரோஸ்லினின் சட்ட அறிவையும் வாதத் திறமையையும் புகழ்ந்தார்கள். நான் இன்ஜினியர். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். எந்தக் கோப்பையும் அம்மா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள்.

சோரியாங்குப்பத்தில் வாய்க்காலை அகலப்படுத்த அரசு நிலம் எடுத்தது. கரும்பு விவசாயி சிங்காரவேலு தனக்கு நோட்டீஸே வரவில்லை என்று வழக்குப் போட்டார். வாங்கியதாகக் கைநாட்டு வைத்த தாள் கோப்பில் இருந்தது. கோப்பின் அடியில், வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி அவர் எப்போதோ கொடுத்த மனு. அதில் நீட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நிலம் எடுத்த துறையின் அதிகாரி தமிழ்க்குமரன் வீட்டுக்கே வந்தார்.

"எதிர் வக்கீலே கேக்கல மேடம். நீங்க இன்னாத்துக்குக் கெளப்புறீங்க? எங்க வக்கீல்தானே நீங்க?"

"அதனாலதான் கேக்குறேன் தம்பி. எழுதத் தெரிஞ்சவரு இன்னாத்துக்குக் கைநாட்டு வெச்சாரு?"

அவர் எழுந்து போனார்.

சிங்காரவேலுவிடம் சொல்ல முடியாது. அது அரசின் கோப்பு. நீதிபதியிடம் மறைக்கவும் முடியாது. வழக்கைத் திருப்பி அனுப்பினாள். வேறு வக்கீல் இல்லையென்று அவளிடமே திரும்பி வந்தது. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

"வேலைய வுட்டுடும்மா."

"அடுத்து வர்றவன் கடைசிப் பக்கத்தத் தொடுவானாடா?"

விசாரணையன்று இரண்டு தாள்களையும் நீதிபதி முன் வைத்தாள். அரசு தோற்றது. சிங்காரவேலு வாழைத்தாரோடு வந்தார். அம்மா வாங்கவில்லை.

துறை நிலமெடுப்பை முதலிலிருந்து தொடங்கியது. அம்மாவிடமே ஆலோசனை கேட்டது.

"நோட்டீஸ அவரு கையிலயே குடுங்க. படிச்சுக் காட்டுங்க. கையெழுத்து வாங்குங்க. அவரு சொல்றதயும் கேட்டு எழுதுங்க."

அப்படியே செய்தார்கள். சிங்காரவேலு மறுபடி வழக்குப் போட்டார். இந்த முறை குறை எதுவுமில்லை. அம்மாவே நின்று வாதாடி ஜெயித்தாள். நிலம் போனது.

நானும் அம்மாவும் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது கரிக்கலாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் சிங்காரவேலு எதிரே வந்தார்.

"அன்னிக்கு நீங்கதான் குடுத்தீங்க. இன்னிக்கு நீங்களே புடுங்கிக்கினீங்களேம்மா?"

பஸ் வந்ததும் அம்மா ஏறினாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்தவள் வில்லியனூர் வரை விடவில்லை.

நேற்று அவளிடமிருந்த கோப்புகளை ஒப்படைக்க எடுத்தேன். சிங்காரவேலு வழக்கின் கோப்பும் இருந்தது. பிரிக்கக் கூடாது. பிரித்தேன், கடைசிப் பக்கத்திலிருந்து.

இரண்டாவது நோட்டீஸில் சிங்காரவேலு தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதியிருந்தார். அம்மா சொன்னபடியே வாங்கியிருந்தார்கள்.