பரமபதத்தில் ஒரு பிரெஞ்சுக் கோமாளி

அமிர்தராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சதுரங்கக் காயைக் கன்னத்தில் வைத்து அழுத்துகிறார். எதிர் நாற்காலியில் தாசில்தார் ஒருவர், சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னதால், ஒரு கண்ணைப் பொத்தியபடி வெகுநேரமாகக் காத்திருக்கிறார். "சில்லுன்னு இருக்குங்க. நம்ம ஊர் மரம் இப்படிக் குளிராது. இது பிரான்ஸ் தேசத்துப் பாக்ஸ் மரம்" என்று சொல்லி, சாட்சிக்காகத் தாசில்தாரின் கன்னத்திலும் காயை ஒற்றி எடுக்கிறார். தாசில்தாரும் யோசித்துத் தலையசைக்கிறார். அவருக்கு வேறு வழியில்லை. பழைய கண்ணாடி அமிர்தராஜின் பையில் இருக்கிறது.

திருச்சி மேலப்புதூரில் அமிர்தராஜின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் பார்வை சரியாகித் திரும்புவது உண்டு. ஆனால் பழைய பிரெஞ்சு மரச் சதுரங்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் திரும்பியவர் எவருமில்லை. "சதுரங்கத்துல இங்கிலீஷ்காரன் பிஷப் காய்க்குத் தலையில ஒரு வெட்டு இருக்கும், மேற்றிராணியார் தொப்பி மாதிரி. பிரெஞ்சுக்காரன் வெட்ட மாட்டான். ஏன்னா அவனுக்கு அது பிஷப்பே இல்லீங்க, கோமாளி!" என்பார். இதைப் பங்குச் சாமியாரிடமும் விளக்கினார். அன்றிலிருந்து சாமியார் கண்ணாடிக்குத் தஞ்சாவூர் போகிறார்.

இத்தனைக்கும் அமிர்தராஜுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. கேட்டால் கோபம் வரும். "ஆட யாரு வேணா ஆடலாம். பார்க்கத் தெரியணுங்க." இடுப்பு சிறுத்து, கழுத்து நீண்டு, பலமாகத் தும்மினால் சாய்ந்துவிடும் போன்ற ஒயிலோடு கடைந்த கட்டை எங்கே கண்ணில் பட்டாலும் அவர் கால்கள் நின்றுவிடும். சத்திரம் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவரின் கைத்தடிக் குமிழைப் பார்த்துக்கொண்டே லால்குடி வரை போய்வந்தவர். போன வருஷம் ரோசரி டீச்சர் வீட்டுத் துக்கத்தில், மாமனாரைக் கிடத்தியிருந்த கட்டிலின் பக்கத்தில் மண்டியிட்டவர் எழுந்திருக்கவே இல்லை. என்ன பக்தி என்று வீட்டார் உருகிக்கொண்டிருக்கையில் நிமிர்ந்து, "கட்டில் கால் நம்மூர்க் கடைசல்தான் டீச்சர். வீணா ஆசைப்பட்டுட்டேன்" என்றார்.

மனைவி லூர்துராணி அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்: "வீட்டுல எத்தனை ராஜா இருக்கான்! ஒரு படி அரிசி வாங்கியார ஒருத்தன் எந்திரிக்கிறானா?"

அந்த அலமாரியில் அமிர்தராஜின் உயிர் ஒரு பெட்டியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் காலி செய்த வருஷம், ஒரு துரை வீட்டு ஏலத்தில் எடுத்த பெட்டி. அதில் கறுப்புக் கோமாளி இரண்டில் ஒன்று இல்லை. நீல வெல்வெட்டில் அதன் குழி மட்டும் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அவர் காட்டுவது காய்களை அல்ல, அந்தக் குழியைத்தான். துணையிழந்த மற்ற கோமாளியை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார், எங்காவது ஜோடி தென்பட்டால் ஒப்பிட்டுப் பார்க்க. "தனியா நிக்கிறவன் வெறும் கோமாளிங்க. ஜோடியா நின்னாத்தான் செட்டு."

இந்த வைகுண்ட ஏகாதசியன்று காலை, ஸ்ரீரங்கம் கீழ உத்திர வீதி செங்கமலம் மாமியின் கண்ணாடிக் காம்பு சொர்க்கவாசல் நெரிசலில் ஒடிந்துபோயிற்று. ஏகாதசிப் பட்டினியும் கண்விழிப்பும் தெரியாமலிருக்கப் பரமபதம் ஆடுவது அந்த வீட்டு வழக்கம். கண்ணாடி இல்லாமல் பாம்பு எது, ஏணி எது என்று மாமிக்குத் தெரியவில்லை. ஆள்மேல் ஆள் வந்தது. அமிர்தராஜ் காம்பைப் பொருத்தி, தானே பஸ் ஏறிக் கொண்டுபோனார்.

ரேழியில் படம் விரித்திருந்தது. கீழே பூலோகம், மேலே பெருமாள், நடுவில் பாம்பும் ஏணியும். சுற்றிலும் மாமிகள். புளியங்கொட்டைக்கும் வளையல் துண்டுக்கும் நடுவே, இடுப்பு சிறுத்து, தலையில் வெட்டு இல்லாமல், கறுப்பாக நின்றுகொண்டிருந்தது ஒரு காய்.

அமிர்தராஜ் கண்ணாடியை மாமி கையில் திணித்துவிட்டுக் குனிந்தார். "மாமி, இது ஏது?"

"அதுவா? எங்காத்துக்காரர் காரைக்கால் ஏலத்துல ஒரு பீரோ எடுத்தார். அது இடுக்குல கெடந்தது. அன்னிலேர்ந்து என் காய் அதுதான். வருஷா வருஷம் பாம்பு கடிச்சுக் கீழே தள்ளிடறது, பாவம்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஜோடியை எடுத்துக் காட்டி, குழியின் கதையை முழுக்கச் சொன்னார். மாமி மனசு இளகிவிட்டது.

"பேஷா எடுத்துண்டு போங்கோ. ஆனா நடுவழியில எடுக்கப்படாது. பாம்பு கடிச்சு அடியில விழட்டும், உங்களுக்குத்தான்."

"மேல போயிட்டா?"

"பரமபதம் போனவா திரும்பி வரதில்லே. பெருமாள்கிட்டயே இருந்துட வேண்டியதுதான்." மாமி சோழிகளை நீட்டினாள். "உங்க காய், நீங்களே உருட்டுங்கோ."

வாழ்நாளில் எந்த ஆட்டமும் ஆடாத மனிதர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஊரெல்லாம் ஏணிக்கு வேண்டிக்கொண்டிருந்த நாளில் அவர் ஒருத்தர் மட்டும் பாம்புக்கு வேண்டினார். அதிலும் ஒரு சங்கடம். அவர் வேண்டுவது மாதாவிடம். மாதா கோயில் சுரூபத்தில் அவள் மிதித்துக்கொண்டு நிற்பதே ஒரு பாம்பை. 'தாயே, காலை ஒரு நிமிஷம் தூக்கிக்க' என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே சோழியை உருட்டினார்.

கோமாளி ஏணி ஏறியது. மறுபடி உருட்டினார், மறுபடி ஏணி. பாம்புகள் எல்லாம் அதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்ட மாதிரி இருந்தது. "கண்ணாடிக்காரர் கைராசியப் பாருங்கோடி!" என்றாள் ஒரு மாமி. அமிர்தராஜுக்கு வேர்த்து ஊற்றியது. பொழுது சாய்வதற்குள் கோமாளி கடைசி வரிசைக்கு வந்துவிட்டது. ஒன்று விழுந்தால் எல்லாவற்றிலும் நீளமான பாம்பு, தலைகுப்புறப் பூலோகம். இரண்டு விழுந்தால் பரமபதம்.

இரண்டு விழுந்தது.

"ரங்கா! ரங்கா!" என்று ரேழி அதிர்ந்தது. செங்கமலம் மாமி, அவர் பொருத்திக்கொடுத்த கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். காயை இரண்டு கையாலும் எடுத்துப்போய்ப் பூஜையறைப் பெருமாள் முன்னால் நிறுத்தி, தலையில் ஒரு துளசி தளத்தை வைத்தாள். "எத்தனை வருஷமாத் தவிச்சது! உங்க கையாலதான் போய்ச் சேரணும்னு இருந்திருக்கு."

அமிர்தராஜ் பூஜையறை வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பெரிய பெருமாளுக்கு முன்னால், கோமாளி தனியாக நின்றது.

சட்டைப்பையிலிருந்து மற்றதை எடுத்தார். கண்ணை மூடிக் கன்னத்தில் வைத்து ஒருமுறை அழுத்தினார். பிறகு படத்தின் முதல் கட்டத்தில் அதை நிறுத்திவிட்டு, சோழிகளுக்காகக் கையை நீட்டினார்.